பம்ப் வேண்டாம் மேடம், மிஷினே வைங்க

மழைக்காலத்தில் நள்ளிரவு தாண்டிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்களைப் பார்த்ததுமே என்ன தொந்தரவு என்று ஓரளவு தெரிந்துவிடும். காய்ச்சல் கண்ட குழந்தை அம்மாவின் தோளில் துவண்டு கிடக்கும். வயிற்றுவலி என்றால் சுருண்டு கிடக்கும். மூச்சிரைப்போடு வரும் குழந்தை மட்டும் தோளில் சாயவே சாயாது. அப்பாவின் கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கொஞ்சம் முன்னால் குனிந்து, யாரையும் பார்க்காமல் வரும். அழக்கூட அழாது. அழுவதற்கும் மூச்சு வேண்டுமே.

சேலத்தில் குழந்தைகளுக்கான எமர்ஜென்சியில் வேலைக்குச் சேர்ந்து எனக்கு 14 வருடம் ஆகிறது. இங்கே இந்த நோய்க்கு நிறையப் பெயர். இளம் பெற்றோர்கள் வீசிங் என்பார்கள். வயதானவர்கள் இழுப்பு, இளைப்பு, முட்டு என்பார்கள். "நெஞ்சுல சளி கட்டிக்கிச்சுங்க" என்பார்கள். ஆஸ்துமா என்ற சொல்லை மட்டும் யாரும் வாயில் எடுப்பதில்லை. "வீசிங்னே எழுதிக்குங்க மேடம், அந்தப் பேரை எழுதாதீங்க, பொம்பளப் புள்ள" என்று சீட்டு எழுதும் என் கையைப் பிடித்த அம்மாக்கள் உண்டு. ஒரு நோயின் பெயருக்குப் பயந்தால் அதன் மருந்துக்கும் பயப்பட வேண்டி வருகிறது. அந்தப் பயத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி ஏற்காட்டிலிருந்து ஆறு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கும் குடும்பம். பழம் பறிக்கும் சீசன் என்பதால் அம்மா அப்பா இருவரும் பகல் முழுக்கத் தோட்டத்தில். பையன் ஆயாவோடு இருந்திருக்கிறான். முதல் நாள் மூக்கொழுகல், அடுத்த நாள் இருமல், மூன்றாம் நாள் ராத்திரி இழுப்பு. குழந்தைகளுக்கு ஆஸ்துமா கிளம்புவது பெரும்பாலும் இப்படித்தான், ஒரு சாதாரணச் சளிக்காய்ச்சலில் தொடங்கும். வாடகை ஜீப் பிடித்து, மூடுபனியில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரம், கோரிமேடு தாண்டி வந்து சேர்ந்தபோது மணி இரண்டேகால். வளைவுக்கு வளைவு பையனின் முதுகைத் தடவிக்கொண்டே வந்ததாக ஆயா சொன்னார். அவர் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

மூச்சிரைப்புக் குழந்தை வந்தால் ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதற்கு முன்னால் நான் சொல்வது, "சட்டையைக் கழட்டுங்க." ஸ்வெட்டர், அதற்குள் சட்டை, அதற்குள் பனியன் என்று மூன்று அடுக்கு. எல்லாம் போன பிறகுதான் நோய் கண்ணுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக் குழி உள்ளே போனது. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் வரி வரியாகக் குழிந்தது. மூக்கு விடைத்தது. வயிறும் நெஞ்சும் ஒன்றுக்கொன்று எதிராக ஏறி இறங்கின. "ராத்திரி என்ன கண்ணு சாப்ட்ட?" என்று கேட்டேன். "தோ..." என்றான். ஒரு மூச்சு இழுத்தான். "...சை."

ஆறு வயதுப் பையன் தோசை என்கிற சொல்லை இரண்டாக உடைத்துச் சொன்னால் வேறு பரிசோதனை எதற்கும் காத்திருக்கத் தேவையில்லை. கைக்குழந்தைகள் பேசாது, அங்கே பால் குடிப்பதைப் பார்க்க வேண்டும். இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு மூச்சுக்காக மார்பை விடுகிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் இவனுக்கு 89 காட்டியது. நமக்கு வேண்டியது 94க்கு மேல். இந்தக் கருவி கறுத்த தோலில் சில சமயம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டிவிடும் என்பதும் ஆய்வுகளில் தெரியவந்த விஷயம். அதனால் எண் நன்றாக இருந்தாலும் குழந்தை நன்றாக இல்லையென்றால் நான் குழந்தையைத்தான் நம்புவேன்.

ஆஸ்துமாவில் காற்று உள்ளே போகச் சிரமம் என்று நாம் நினைக்கிறோம். உள்ளே போன காற்றை வெளியே விடுவதுதான் அதைவிடச் சிரமம். மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது. குழாயின் உள்சுவர் வீங்குகிறது. மிச்சமிருக்கும் சந்தில் கெட்டியான சளி அடைக்கிறது. விசில் சத்தம் அந்தக் குறுகிய சந்து வழியாகக் காற்று வெளியேறும்போது வருவது. இந்த மூன்றில் தசை இறுக்கத்தைத்தான் சால்பியூட்டமால் என்ற மருந்து தளர்த்தும். வீக்கத்துக்கு அது ஒன்றும் செய்யாது. வீக்கத்துக்கு ஸ்டீராய்டு வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரிந்த மாதிரி.

அந்தப் பையனுக்கு ஆக்சிஜன் குறைவாக இருந்ததால் மருந்தைப் புகை மாதிரி ஆக்கி உறிஞ்சத் தரும் நெபுலைசர் மிஷினை ஆக்சிஜனிலேயே ஓட்டினோம். சால்பியூட்டமாலோடு மூச்சுக்குழாயைத் தளர்த்தும் இன்னொரு மருந்தான இப்ராட்ரோபியம் சேர்த்து, 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, முதல் ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், கடுமையாக மூச்சிரைக்கும் குழந்தைகளில் வார்டுக்கு அனுப்ப வேண்டியவர்களின் எண்ணிக்கை குறைகிறது. முதல் தடவை மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் கணக்கில், வாய்வழியாகக் கொடுத்தாயிற்று. "ஊசியாப் போடுங்க, சீக்கிரம் கேக்கும்" என்றார் அப்பா. விழுங்க முடிகிற குழந்தைக்கு வாய்வழி மருந்தும் ஊசியும் ஒரே பலன்தான். எப்படிக் கொடுத்தாலும் வேலை செய்ய நாலு மணி நேரம் போல ஆகும். அதனால்தான் வந்தவுடன் கொடுத்துவிட வேண்டும். முதலில் நெபுலைசர் வைத்துப் பார்ப்போம், கேட்காவிட்டால் ஸ்டீராய்டு யோசிப்போம் என்று தள்ளிப்போட்டால், தள்ளிய ஒவ்வொரு மணி நேரத்தையும் குழந்தை தன் நெஞ்சால் உழைத்துக் கழிக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது தடவை முடிந்தபோது மணி மூன்றரை. பையன் அம்மாவின் மடியில் சாய்ந்தான். அவன் சாய்ந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆயா நெபுலைசரைக் காட்டிச் சொன்னார்: "இந்த மிஷின்தான் சாமி எம் பேரனக் காப்பாத்துச்சு."

மிஷின் மேல் இருக்கும் இந்த நம்பிக்கை எல்லோரிடமும் உண்டு. டர்ரென்று சத்தம் போடுகிறது, வெள்ளையாகப் புகை வருகிறது, பத்து நிமிடம் ஓடுகிறது. வைத்தியம் நடக்கிறது என்று கண்ணுக்கும் காதுக்கும் தெரிகிறது. காலையில் நான் அதே சால்பியூட்டமால் இருக்கும் இன்ஹேலரை எடுத்து, அதற்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர் குழாயை மாட்டி நீட்டியபோது பையனின் அப்பா ஒரு அடி பின்வாங்கினார். "பம்ப் வேண்டாம் மேடம். மிஷினே வைங்க. எத்தன நாள்னாலும் இருக்கறோம்."

ஏன் என்று கேட்டேன். பழகிவிடும், வாழ்நாள் முழுக்க விட முடியாது, இதயம் பலவீனமாகிவிடும், கடைசிக் கட்டத்தில்தான் பம்ப் தருவார்கள், எஸ்டேட்டில் பக்கத்து லைன் வீட்டில் ஒரு பெரியவர் பம்ப் அடித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னார். எதுவும் எனக்குப் புதிதில்லை. அவர் மேல் கோபமும் வரவில்லை. பெரியவர்களின் கடைசி நாட்களில்தான் அந்தக் குழாயை அவர் பார்த்திருக்கிறார். அதையே தன் பிள்ளையின் வாயில் வைக்கச் சொன்னால் வேறு எப்படித் தோன்றும்?

அவரிடம் ஒரு கணக்கு சொன்னேன். எல்லோரிடமும் சொல்லும் கணக்குதான். இருமல் வந்தால் வீட்டில் பயமில்லாமல் ஊற்றும் சால்பியூட்டமால் சிரப்பில் 5 மில்லியில் 2 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. இன்ஹேலரில் ஒரு பஃப் என்பது 100 மைக்ரோகிராம். அப்படியென்றால் ஒரு ஸ்பூன் சிரப், மருந்தின் அளவில் 20 பஃபுக்குச் சமம். சிரப் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, கையை நடுங்க வைத்து, நெஞ்சைப் படபடக்க வைத்து, கடைசியில் மிச்சம் மீதிதான் மூச்சுக்குழாய்க்குப் போகிறது. பம்ப் நேராக அங்கேயே போகிறது. எது பலமான மருந்து, எதற்குப் பயப்பட வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் பேசவில்லை. காபிப் பழத்துக்கு எடைக்கூலி வாங்குகிற ஆள். மனதுக்குள் பெருக்கிப் பார்க்கிறார் என்று முகத்தில் தெரிந்தது.

மிஷின்தான் உசத்தி என்பதும் உண்மை இல்லை. இரண்டையும் ஒப்பிட்டுக் குழந்தைகளிடம் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, மருத்துவ ஆய்வுகளை எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு ஒன்று உண்டு. உயிருக்கு ஆபத்தான நிலையில் இல்லாத குழந்தைகளுக்கு ஸ்பேசரோடு பம்ப் கொடுத்தால் நெபுலைசருக்குச் சமமான பலன். எமர்ஜென்சியில் இருக்கும் நேரம் குறைகிறது, நாடித்துடிப்பும் அவ்வளவு எகிறுவதில்லை. ஆக்சிஜன் தேவைப்படும் குழந்தைக்கு நெபுலைசர் வசதி, சரி. மற்றவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் போதும். கரண்ட் வேண்டாம். மலையில் மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

சத்தத்தை நம்புகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நானே நம்பியிருக்கிறேன்.

படிப்பு முடித்த புதிதில் வேறு ஊரில் ஒரு மருத்துவமனையில் இருந்தேன். ஒன்பது வயதுச் சிறுமி, வாசலில் வரும்போதே விசில் கேட்கும் அளவுக்கு இழுப்பு. இரண்டு தடவை நெபுலைசர் வைத்தேன். சத்தம் குறைந்தது. "குறைஞ்சிடுச்சும்மா, பயப்படாதீங்க" என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். பத்து நிமிடத்தில் சீனியர் சிஸ்டர் ஒருவர் வந்து என் தோளைத் தொட்டார். "மேடம், பாப்பா பேர் கேட்டா சொல்ல மாட்டேங்குது." ஓடினேன். கண் சொருகிக்கொண்டிருந்தது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் வலது பக்கமும் ஒன்றும் கேட்கவில்லை, இடது பக்கமும் ஒன்றும் கேட்கவில்லை.

விசில் வர வேண்டுமென்றால்கூடக் காற்று ஓட வேண்டும். அந்தப் பெண்ணுக்குக் காற்றே ஓடவில்லை. சத்தம் குறைந்ததை நான் குணம் என்று எடுத்துக்கொண்டேன். சிஸ்டர் குழந்தையைப் பார்த்தார், அவருக்குத் தெரிந்தது. மெக்னீசியம் சல்பேட் டிரிப்ஸில் ஏற்றி, ஐசியூவுக்கு மாற்றி, மூன்றாம் நாள் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டாள். அவள் பிழைத்தாள் என்பதால்தான் இதை என்னால் எழுத முடிகிறது. அன்றிலிருந்து, சத்தம் குறைந்த குழந்தையிடம் நான் திரும்பப் போய் ஒரு கேள்வி கேட்காமல் இருந்ததில்லை. பதில் எத்தனை சொல்லில் வருகிறது என்று எண்ணிப் பார்ப்பேன்.

மெக்னீசியம் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஓமலூர் போகும் வழியில் கருப்பூர்ப் பக்கம் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் மெக்னசைட் குவாரிகளைச் சேலத்துக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். இரும்பு உலைக்குள் பதிக்கும் தீச்செங்கல் செய்யப் போகிற கல். அதே உலோகத்தின் இன்னொரு உப்புதான் இறுகிப்போன மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்துகிறது. முதல் ஒரு மணி நேர மருந்துக்கு அசையாத குழந்தைக்கு, ஒரு கிலோ எடைக்கு 40 முதல் 50 மில்லிகிராம், எவ்வளவு பெரிய குழந்தையானாலும் 2 கிராமுக்கு மேல் போகாமல், 20 நிமிடமோ அதற்கு மேலோ மெதுவாக ஏற்றுவோம். அந்தக் குவாரிகளைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்ணின் ஞாபகம் வரும்.

என் தம்பிக்கும் இழுப்பு உண்டு. எங்கள் வீடு அம்மாபேட்டையில், பட்டு நெசவு. வீட்டில் பெரிய அறை தறி இருக்கும் அறைதான், அதில்தான் எல்லோரும் படுப்போம். ராத்திரி அவனுக்கு முட்டு வந்தால் அம்மா அவனைத் தறிக்குழியின் விளிம்பில் கால் தொங்கப்போட்டு உட்கார வைத்து, முன்னால் இரண்டு தலையணை அடுக்கி, அதில் கையை ஊன்றிக்கொள்ளச் சொல்வார். எந்த டாக்டரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அப்படி உட்கார்ந்தால்தான் பிள்ளைக்குக் கொஞ்சம் மூச்சு வருகிறது என்று அவரே கண்டுபிடித்தது. தூதுவளை ரசம், கற்பூரவல்லிச் சாறு, நெஞ்சில் கற்பூரம் கரைத்த எண்ணெய். ரசத்தோடு எனக்குச் சண்டை இல்லை, தொண்டைக்கு இதம். கற்பூரத்தோடு உண்டு. சின்னக் குழந்தை அதைக் கொஞ்சம் விழுங்கிவிட்டாலும் வலிப்பு வரும், நானே பார்த்திருக்கிறேன். அப்புறம் ஒரு டாக்டர் தம்பிக்குப் பம்ப் எழுதிக்கொடுத்தார். அப்பா வாங்கி வந்தார். அது அரிசி டிரம்முக்குப் பின்னால்தான் இருந்தது, சொந்தக்காரர்கள் கண்ணில் படக்கூடாது என்று. யாராவது வந்திருந்தால் தம்பி அவர்கள் போகும்வரை இழுத்துக்கொண்டே இருப்பான். இத்தனைக்கும் மருந்து பத்தடி தூரத்தில்.

இந்தப் பம்ப் பிறந்ததே ஒரு சிறுமி கேட்ட கேள்வியால். 1955ல் அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மெய்சனின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. கையால் அமுக்கும் கண்ணாடி நெபுலைசரோடு அவள் சிரமப்பட்டுக்கொண்டிருந்தாள். தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே மாதிரி இதையும் ஒரு டப்பாவில் அடைத்துத் தரக்கூடாதா என்று அப்பாவிடம் கேட்டாள். அடுத்த வருடமே இன்ஹேலர் கடைக்கு வந்துவிட்டது. ஒரு பிள்ளை தன் பையில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றலாம் என்பதற்காகச் செய்த பொருள். அதை நாம் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறோம்.

மலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "கொஞ்ச நாள் ஏற்காட்டுல வெச்சிருங்க, மலைக்காத்துல சரியாயிடும்" என்று கீழே இருக்கிறவர்கள் சொல்வார்கள். மேலே, சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் குழந்தைகள் இழுப்போடு கீழே வந்துகொண்டிருக்கிறார்கள். ஏற்காட்டுக் காற்று சுத்தம்தான். ஆனால் ஈரமும் குளிரும் கூடவே இருக்கின்றன. காயாத கம்பளி, பூஞ்சை படர்ந்த சுவர், மழைக்காக மூடிய ஜன்னல், உள்ளே ஈர விறகு புகையும் அடுப்பு. அந்தப் பையனின் வீடு அப்படித்தான் என்று அவன் அம்மா சொன்னார்.

கீழே மட்டும் என்ன வாழ்கிறது? குளிப்பாட்டியதும் கைக்குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுகிறோம், சளி பிடிக்காது என்று. வீசிங் குழந்தை தூங்கும் அறையில் கதவைச் சாத்திக் கொசுவர்த்தி ஏற்றுகிறோம். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் வெளிவிடும் அளவுக்கு வரும் என்று 2003ல் வந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. வீட்டில் யாரும் பீடி பிடிப்பதில்லை என்று உறுதியாகச் சொல்லும் அப்பாக்களிடம் கொசுவர்த்தியைப் பற்றிக் கேட்பது என் வழக்கம். கொசுவலை வாங்குங்கள் என்பேன். போகியன்று காலை எட்டு மணிக்குள் எங்கள் பிரிவில் கட்டில் நிரம்பிவிடும்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஏழு வயதுப் பெண் ஒருத்தி அடிக்கடி வருவாள். அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறை, வீட்டு முன்னறையிலேயே. பற்றவைக்கும் புகை, மெருகுக்கு வைக்கும் ஆசிட் ஆவி எல்லாம் அவள் படிக்கும் இடத்துக்கு நேராக வரும். ஒரு ராத்திரி அவளைத் தேற்றி அனுப்பும்போது ஸ்பேசர் எழுதினேன். அந்த நேரத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. "குழாய் எப்படி இருக்கணும்னு சொல்லுங்க மேடம்" என்றார் அவர். தென்னாப்பிரிக்காவில் ஹெதர் ஸார் (Heather Zar) என்ற குழந்தை மருத்துவரும் அவர் குழுவினரும் 1999ல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னேன். அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் அளவுக்கு ஓட்டை போட்டு, இடுக்கில்லாமல் ஒட்டினால், அது கடையில் விற்கும் ஸ்பேசர் அளவுக்கே வேலை செய்தது. தெர்மோகோல் கப் அந்த அளவுக்குச் செய்யவில்லை.

அடுத்த நாள் காலை டியூட்டி முடியும் நேரத்தில் கையில் பாட்டிலோடு வந்து நின்றார். வெள்ளிக் கம்பி வளைக்கும் குறடால் ஒரு கம்பியை இன்ஹேலரின் வாய்மேல் வைத்துச் சுற்றி அளவெடுத்து, அந்தக் கம்பியைச் சுட வைத்து, பாட்டிலின் அடியில் ஒரே அழுத்து. "ரவுண்டு போட்டா சரியா வராதுங்க மேடம், இது கொஞ்சம் நீட்டமா இருக்குது பாருங்க" என்று காட்டினார். பம்பைச் செருகினால் கிண்ணென்று நின்றது. சுற்றிலும் பசை, ஒரு பிசிறு இல்லை. பாட்டிலைச் சோப்புத் தண்ணீரில் அலசித் துடைக்காமல் காய வைக்கச் சொன்னேன். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். கடை ஸ்பேசருக்கும் அதே விதிதான். பிறகு நல்ல ஸ்பேசரும் வாங்கிக்கொண்டார்கள். பட்டறையைப் பின்கட்டுக்கு மாற்றினார். அந்த வருடம் அவள் ஒரு தடவைதான் வந்தாள்.

ஆனால் அவசரத்துக்கு அடிக்கும் நீலப் பம்பை மட்டும் கொடுத்து அனுப்பினால் என் வேலை அரைகுறை. அது இறுக்கத்தைத் தளர்த்தும், வீக்கம் அப்படியே இருக்கும். அடிக்கடி இழுப்பு வரும் குழந்தைக்குத் தினமும் உறிஞ்சும் ஸ்டீராய்டு வேண்டும். குழந்தை ஓடி விளையாடிக்கொண்டிருக்கும்போது எதற்கு மருந்து என்று எல்லோரும் நிறுத்திவிடுவது இதைத்தான். வளர்த்தி நின்றுவிடும் என்பது பெரிய பயம். ஒளிக்காமல் சொல்கிறேன், கொஞ்சம் பாதிக்கும். பல வருடம் எடுத்த குழந்தைகளை வளர்ந்த பிறகு அளந்து பார்த்ததில் சுமார் 1 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தது. ஆனால் எமர்ஜென்சிக்கு வரும் ஒவ்வொரு தடவையும் நாங்கள் விழுங்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு 20, 30 மில்லிகிராம். தினசரிப் பம்பில் போவது ஒரு நாளைக்கு 0.2 மில்லிகிராம் போல. வருடத்துக்கு நாலு தடவை என்னிடம் வருகிற குழந்தைதான் அதிக ஸ்டீராய்டு சாப்பிடுகிறது, வீட்டில் பம்ப் எடுக்கிற குழந்தை இல்லை. தூக்கம் கெட்ட ராத்திரிகளையும் போகாத பள்ளிக்கூட நாட்களையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

நாலு தடவை வந்து, நாலு தடவையும் நெபுலைசரும் சிரப்பும் வாங்கிக்கொண்டு போகிற குழந்தைகளைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும். ஆஸ்துமா என்று யாரும் சொல்லாமல், பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்று மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை சாப்பிட்ட குழந்தைகளும் வருகிறார்கள். உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க பதினைந்து நிமிடம் வேண்டும். ராத்திரி டியூட்டியில் அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு வழி இருக்காது, வெளியே ஆம்புலன்ஸ் நிற்கும். ஆனாலும் அதை மருந்துச் சீட்டில் ஒரு மருந்தாகவே நான் எழுதிவிடுகிறேன். எழுதினால் சிஸ்டர்கள் விடமாட்டார்கள், கொடுத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள்.

ஏற்காட்டுப் பையன் இரண்டாம் நாள் மத்தியானம் கிளம்பினான். கையில் இரண்டு பம்ப், ஒரு ஸ்பேசர், இன்னும் மூன்று நாளைக்கு மாத்திரை. எப்போது எத்தனை பஃப் என்று பெரிய எழுத்தில் எழுதிய சீட்டு. பஃப் எடுத்தும் நாலு மணி நேரம் தாங்காமல் திரும்ப இழுத்தால், பேச்சு உடைந்தால், தொண்டைக் குழி உள்ளே போனால் காத்திருக்காமல் பஃப் கொடுத்துக்கொண்டே 108க்குப் போன் செய்யச் சொன்னேன். அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தோம், அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தோம். பிறகுதான் எனக்கு உறைத்தது, பகல் முழுக்கப் பையனோடு இருக்கப்போவது இவர்கள் இல்லை.

"ஆயா, நீங்க செஞ்சு காட்டுங்க" என்றேன்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க சாமி."

"எண்ணத் தெரியும் இல்ல?"

"அதெல்லாம் தெரியும்."

பம்பைக் குலுக்கினார். ஸ்பேசரின் பின்னால் செருகினார். பையனின் உதட்டுக்கு நடுவில் வைத்து, மற்றக் கையால் அவன் தாடையைத் தாங்கிக்கொண்டு, ஒரு அழுத்து. வால்வு டக் டக்கென்று ஆடியது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஆயா தலையை ஆட்டி எண்ணினார். மலையில் மிளகும் காபியும் படி படியாக அளந்த கை. முதல் எண்ணை ஒன்று என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"லாபம்" என்றார். "ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு."

நிறுத்தினார். அரை நிமிடம் பொறுத்தார். குழாயை மறுபடி குலுக்கினார்.

"லாபம்."